பரலோகத்தில் போரடிக்குமா, ஐயா?

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாவும் மோட்சமும்தான். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா போன வருடம் இறந்தார்கள். பரலோகத்தில் அவர்களை அடையாளம் தெரியுமா? தான் பரலோகம் போய்வந்ததாக ஒரு சகோதரி பேசும் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. அங்கே எல்லாரும் முப்பது வயதுத் தோற்றத்தில் இருப்பார்கள் என்கிறார். நம்பலாமா?
*— வாசகி, நாகர்கோவில்*

தெரியும் சகோதரி. உயிர்த்தெழுந்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்த மகதலேனா மரியாள், அவர் "மரியாளே" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் யாரென்று தெரிந்துகொண்டாள். சீஷர்கள் கொடுத்த பொரித்த மீனை அவர்கள் முன்பாகவே சாப்பிட்டார், கையிலும் விலாவிலும் இருந்த காயத்தைக் காட்டினார். அப்படியென்றால் கல்லறைக்குள் போனவர் வேறு, வெளியே வந்தவர் வேறு இல்லை, காயம்கூட அதே காயம். தாவீதும் குழந்தையைப் பறிகொடுத்தபோது "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்றார், அதுவும் எழுந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு. அந்த "போவேன்" உங்களுக்கும் உண்டு.

முப்பது வயது என்பதெல்லாம் வேதத்தில் இல்லை. அமெரிக்காவில் இப்படித்தான், கார் விபத்தில் அடிபட்டுக் கோமாவில் கிடந்த ஒரு சிறுவன் பரலோகம் போய்வந்தான் என்று 2010-ல் ஒரு புத்தகம் வந்து சக்கைப்போடு போட்டது. 2015-ல் அந்தப் பையனே "நான் சாகவும் இல்லை, பரலோகம் போகவும் இல்லை, எல்லாரும் என்னைக் கவனிப்பார்கள் என்று அப்படிச் சொன்னேன்" என்று எழுதிவிட்டான், பதிப்பகமும் விற்பனையை நிறுத்தியது. பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விபத்து நடந்தபோது அவனுக்கு ஆறு வயது, சுற்றி இருந்த பெரியவர்களுக்கு எங்கே போயிற்று புத்தி? நாலு நாள் கல்லறையில் கிடந்து வந்த லாசரு அங்கே என்ன பார்த்தான் என்று ஒரு வரிகூட வேதத்தில் இல்லை. மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட ஒரு மனுஷனைப் பற்றி, அதாவது தன்னைப் பற்றித்தான், பவுல் பதினாலு வருஷம் கழித்து வாய் திறக்கிறார். அப்போதும் "மனுஷர் பேசப்படாததும் வாக்குக்கெட்டாததுமாகிய வார்த்தைகளைக் கேட்டான்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவரே அவ்வளவு அடக்கி வாசித்த விஷயத்தை இந்தச் சகோதரி பின்னணி இசை போட்டு விவரிக்கிறார் என்றால், நீங்கள் அதை ஃபார்வர்டு பண்ணாமல் விடுவது நல்லது.

முடிவே இல்லாமல் பாடிக்கொண்டே இருப்பதுதான் பரலோகமா? ஞாயிறு ஆராதனை கொஞ்சம் நீண்டாலே எனக்குக் கை வாட்சுக்குப் போகிறது. இப்படி நினைப்பது பாவமா?
*— கல்லூரி மாணவர், சென்னை*

பாவமெல்லாம் இல்லை தம்பி. சில பிரசங்கங்களுக்கு நானே வாட்சைப் பார்த்திருக்கிறேன்.

மேகத்தின்மேல் சுரமண்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் படம் உங்கள் மனதில் இருக்கிறது, அது காலண்டர்க்காரர்கள் போட்ட படம். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். பகலில் வாசல் அடைக்காத நகரம் (இராத்திரி என்பதே அங்கே இல்லை), நடுவே நதி, மாதந்தோறும் காய்க்கும் மரம், "அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவித்து, அவருடைய சமுகத்தைத் தரிசிப்பார்கள்" என்ற வரி. சேவிப்பது என்றால் வேலை. புதிய வானம் புதிய பூமியைப் பற்றி ஏசாயா சொல்லும் இடத்திலும் ஜனங்கள் வீடு கட்டுகிறார்கள், திராட்சத்தோட்டம் நாட்டுகிறார்கள், கட்டினவனே குடியிருக்கிறான், நட்டவனே சாப்பிடுகிறான். சும்மா உட்கார்ந்திருப்பதாக எங்கேயும் இல்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. மெய்த்தேவனையும் அவர் அனுப்பின இயேசு கிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன் என்று யோவான் 17-ல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார், கிலோமீட்டர் கணக்கில் நீளுகிற காலம் என்று சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்த சிநேகிதனோடு மொட்டைமாடியில் படுத்துப் பேசிக்கொண்டே விடிந்துபோன ராத்திரி உங்களுக்கும் இருந்திருக்கும், அன்றைக்கு வாட்ச் எங்கே கிடந்ததென்று ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குச் சலிப்பது பாட்டா, பாடப்படுகிறவரா என்று ஒரு தடவை யோசியுங்கள். பாட்டு என்றால் ஒன்றும் மோசமில்லை, குயர் மாஸ்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். இன்னொன்று என்றால் பிரச்சினை பரலோகத்தில் இல்லை.

பரலோகத்துக்கு 1,44,000 பேர் மட்டும்தான் போவார்களாமே?
*— வாசகர், திருச்சி*

இப்படிச் சொல்கிறவர்கள் வெளிப்படுத்தல் 7-ம் அதிகாரத்தில் நாலாம் வசனத்தோடு நிறுத்திவிட்டு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஒன்பதாம் வசனத்தில் சகல பாஷைக்காரரிலுமிருந்து "ஒருவனும் எண்ணக்கூடாததுமான திரளான கூட்டம்" நிற்கிறது. தமிழும் உண்டு, இடமும் உண்டு.

"சாமி கண்ணைக் குத்தும்" என்று பயமுறுத்தியே எங்களை வளர்த்தார்கள். இப்போது என் பிள்ளைகள் போகும் சபையில் ஆண்டவரை "டாடி" என்கிறார்கள். எது சரி?
*— ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை*

டீச்சர், கண்ணைக் குத்துகிறவர் என்றால் ஓடி ஒளிந்துகொள்ளத்தான் தோன்றும், ஆதாம் மரங்களுக்குள் ஒளிந்த மாதிரி. அந்தப் பயத்தை வேதம் எங்கேயும் மெச்சவில்லை. 130-ம் சங்கீதம் எனக்கு எப்போதும் ஆச்சரியம்: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டு, அதனால் பயப்படுகிறேன் என்று எழுதியிருந்தால் யாருக்கும் புரிந்திருக்கும். மன்னித்ததால் பயப்படுகிறேன் என்கிறார். இவ்வளவு பெரியவர் என்னைத் தள்ளாமல் விட்டாரே என்று வாயடைத்துப்போகிறதே, அதுதான் பயபக்தி.

"டாடி" என்பதைப் பற்றி எனக்குச் சண்டையில்லை, இயேசுவே "அப்பா, பிதாவே" என்றவர்தான். ஆனால் இராப்போஜனத்தில் அவர் மார்பில் சாய்ந்திருந்த யோவான் பத்மு தீவில் அவரை மகிமையில் கண்டபோது செத்தவனைப்போல் பாதத்தில் விழுந்தார். இயேசு தம் வலதுகரத்தை அவர்மேல் வைத்து "பயப்படாதே" என்றார். சாய்ந்ததும் அதே யோவான், விழுந்ததும் அதே யோவான். உங்கள் தலைமுறைக்கு விழத் தெரியும், சாயத் தெரியாது; பிள்ளைகளுக்குச் சாயத் தெரியும். வேதாகமத்தைத் தரையில் வைக்காத, முக்காடு போடாமல் ஜெபிக்காத உங்கள் பழக்கத்தை அவர்கள் கேலி செய்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர்கள் கண்ணீர் விட்டுப் பாடும்போது நீங்களும் முகம் சுளிக்காதீர்கள். திருவிருந்து நேரத்தில் செல்போனில் படம் எடுப்பதை மட்டும் எந்தத் தலைமுறை செய்தாலும் பிடுங்கிப் பையில் போடுங்கள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

நாங்கள் வளர்த்த நாய் செத்துவிட்டது. மோட்சத்தில் இருக்குமா என்று மகள் கேட்கிறாள்.
*— வாசகர், கோவை*

"ஓநாய் ஆட்டுக்குட்டியோடே தங்கும்" என்று ஏசாயா சொல்கிறார், அதனால் மிருகங்களே இல்லாத ராஜ்யம் இல்லை. உங்கள் வீட்டு நாயைப் பற்றி வேதம் சொல்லவில்லை. பிள்ளையிடம் அப்படியே சொல்லலாம், தாங்கிக்கொள்வாள்.

நான் திருமணத்துக்குப் பின் ஞானஸ்நானம் பெற்றவள். இந்துவாகவே வாழ்ந்த என் அப்பா சமீபத்தில் இறந்தார். துக்கம் கேட்க வந்த விசுவாசி ஒருவர் "அவர் நரகத்துக்குத்தான் போயிருப்பார்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். தூக்கமே வரவில்லை.
*— வாசகி, மதுரை*

முதலில், அந்த மனிதர் பேசினது தப்பு. பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவிடம் துக்கம் கேட்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள், பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது.

இயேசுவே வழி என்பதில் நான் தண்ணீர் கலக்கமாட்டேன், அதை நம்பித்தானே நீங்களும் ஞானஸ்நானம் பெற்றீர்கள். ஆனால் அந்த வழியில் யார் எப்போது காலெடுத்து வைத்தார் என்று பார்த்துச் சொல்லும் உத்தியோகம் எனக்கும் இல்லை, அந்த விசுவாசிக்கும் இல்லை. சிலுவையில் தொங்கின கள்ளன் கடைசி நேரத்தில் பேசினதை இயேசு கேட்டார், "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார். அவனுடைய மகள் அன்றைக்கு ஊரில் இருந்திருந்தால் அவளுக்கு அது தெரிந்திருக்குமா? உங்கள் அப்பாவின் மனதுக்குள் கடைசியில் என்ன நடந்தது என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டார், நானும் அங்கேதான் நிற்கிறேன். பரலோகத்தைப் பற்றி ஆண்டவர் சொன்னதற்கு மேல் சொல்லாமலிருப்பதும் அவருக்குப் பயப்படுவதில் சேர்ந்ததுதான்.

அழுங்கள், அடக்காதீர்கள். அம்மா அங்கே தனியாக இருந்தால் கொஞ்ச நாள் போய்க் கூட இருங்கள்.

தாத்தாவின் கல்லறைக் கல்லில் "மண்ணில்", "விண்ணில்" என்று இரண்டு தேதி போடலாம் என்கிறார் அப்பா. "நித்திரையடைந்தார்" என்று போதும் என்கிறார் சித்தப்பா. இதில் வீட்டில் சண்டை.
*— வாசகர், தூத்துக்குடி*

இரண்டும் சரிதான், இதற்கா சண்டை? ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் கட்டிய ஆலயத்துக்கு, வெளிப்படுத்தல் சொல்லும் அந்தப் பரலோக நகரத்தின் பெயரான புதிய எருசலேம் என்றே பெயர். 1718-ல் பிரதிஷ்டை ஆனது, மறு வருடமே 36 வயதில் அதற்குள்ளேயே அடக்கமானார். உங்களுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். பெயர், தேதி, தாத்தா அடிக்கடி சொன்ன ஒரு வசனம் போதும். கல்வெட்டுக்காரர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார், சுருக்கமான வசனமாகத் தேடுங்கள், வெட்டுவதற்கு முன் எழுத்துப்பிழை பார்த்துவிடுங்கள்.