பிரேரிப் புல்வெளி: அடுத்து எதை வாசிப்பது?

வணக்கம். லாரா இங்கால்ஸ் வைல்டர் தம் சிறுவயதை வைத்து எழுதிய 'லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரேரி' நாவலை மகளுடன் வாசித்தபோது, அந்தப் புல்வெளியில் முன்பே வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அவள் கேட்டதாகவும், பதில் தரும் நூல்கள் வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். சரியான கேள்வி. அமெரிக்காவின் கான்சாஸில் லாராவின் குடும்பம் மரவீடு கட்டிய இடம் அப்போது ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களுக்கு உரிய நிலம். லாராவுக்கு அங்கே இரண்டு, மூன்று வயதுதான் என்பதால், 1935இல் வெளிவந்த அந்நூலைப் புனைவாகவே கொள்ள வேண்டும்.

முதலில் எழுத்தாளர் எலா டெலோரியாவின் 'வாட்டர்லில்லி'யை எடுங்கள். டகோட்டா என்ற பூர்வகுடி இனத்தவரான அவர், முதியவர்களிடம் கேட்டுத் திரட்டியவற்றைக் கொண்டு 1940களில் எழுதிய இந்நாவல், அவர் மறைந்த பின் 1988இல்தான் அச்சேறியது. கூட்டம் இடம்பெயரும் வழியில் ஒரு பெண் தனியே ஒதுங்கிப் பிள்ளை பெறுவதுதான் தொடக்கம் என்பதால், நீங்கள் வாசித்துவிட்டு மகளுக்குச் சொல்வது நல்லது. உறவுமுறையிலேயே ஒருவரின் கடமையும் அடங்கிவிடும் அவ்வுலகம் நமக்கு அவ்வளவு அந்நியமாக இராது.

உங்களுக்கென்றால், வாலஸ் ஸ்டெக்னரின் 'வுல்ஃப் வில்லோ' (1962). கனடாவின் சஸ்காச்சுவானில் தாம் வளர்ந்த சிற்றூருக்கு நடுவயதில் திரும்புகிறவருக்கு, ஆற்றங்கரைப் புதரொன்றின் வாசனை பட்டதும்தான் பிள்ளைப்பருவம் முழுதாகத் திரும்புகிறது. அந்தப் புதரின் பெயரே தலைப்பு. கான்சாஸின் ஒரே மாவட்டத்தைப் பற்றி 600 பக்கங்களுக்கு மேல் விரியும் 'பிரேரி எர்த்' (1991) அருமையான நூல்தான், ஆனால் அவசரத்துக்கு உதவாது.