ஈரமான இடத்தில் லீவர் கனெக்டர் போட்டு வயர் இணைக்கலாமா?

கேள்வி இதுதான்: வெளிப்புற விளக்குக்குப் போகும் வயரை மழை நனையும் இடத்தில் அவசரமாக இணைக்க வேண்டும். லீவர் கனெக்டர் (சின்ன லீவரை மூடினால் வயரைப் பிடித்துக்கொள்ளும் இணைப்பான்) மாட்டி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதுமா?

லீவர் கனெக்டர் போடலாம். டேப் போதாது.

வேகோ 221 போன்ற லீவர் கனெக்டர் ஒரே ஒரு வேலையைச் செய்கிறது: செம்பை உலோகப் பட்டையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. அதை மிக நன்றாகவே செய்கிறது. உள்ளே இருக்கும் எஃகு ஸ்பிரிங், வயர் சூடாகி விரிந்தாலும் குளிர்ந்து சுருங்கினாலும் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். திருகு டெர்மினல் மாதிரி நாளடைவில் தளராது. ஆனால் தண்ணீரைத் தடுக்கும் வேலை அதனுடையது அல்ல. அதன் பாதுகாப்புத் தரம் ஐ.பி.20. அதில் இரண்டாவது இலக்கம் சைபர், அதாவது தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. தண்ணீரைத் தடுக்க வேண்டியது பெட்டி, கிளாண்ட் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் துளையை இறுக்கி மூடும் பாகம்), ஜெல் ஆகியவைதான்.

டேப் ஏன் கூடாது? கனெக்டரின் உடல் கட்டம் கட்டமாக இருப்பதால், டேப் எங்கும் முழுதாக ஒட்டாது. வயர்கள் வெளிவரும் பக்கம் எப்போதும் இடைவெளி இருக்கும். அந்த வழியாகப் போன ஈரம் திரும்பி வெளியேறாது. திறந்து கிடந்தால் வெயிலில் காய்ந்துவிடும் இணைப்பு, டேப்புக்குள் நாள் முழுக்க நனைந்தே கிடக்கும். செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழவில்லையே, அப்படியானால் இணைப்பு சரிதானே" என்று பலர் நினைக்கிறார்கள். ஆர்.சி.சி.பி. கண்டுபிடிப்பது எர்த்துக்குக் கசியும் மின்னோட்டத்தை மட்டும். 230 வோல்ட்டில் எர்த்துக்கு ஏறக்குறைய 7,700 ஓம் பாதை கிடைத்தாலே 30 மில்லி ஆம்பியர் ஓடிவிடும், அது விழுந்துவிடும். ஆனால் ஈரம் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மட்டும் படிந்திருந்தால், போன மின்சாரம் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது, ஆர்.சி.சி.பி.க்கு ஒன்றும் தெரியாது. அளவுக்கு மீறிய மின்னோட்டத்துக்கு மட்டுமே விழும் எம்.சி.பி.க்கோ அந்த அளவு மிகச் சிறியது. அந்த ஈரப்பாதை மெல்லச் சூடாகி, பிளாஸ்டிக்கின் மேல் கரிக்கோடு ஒன்றைப் போட்டுவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அதன் பிறகு ஈரம் காய்ந்தாலும் கசிவு நிற்காது. பெட்டிக்குள் தீ பிடிக்க இப்படித்தான் வழி பிறக்கிறது. ஈர இடத்தில் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும், ஆனால் இணைப்பு நல்ல நிலையில் இருப்பதற்கு அது சாட்சி ஆகாது.

இனி செய்முறை.

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒற்றை முனை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கும் என்பதால் மெயினையே அணைப்பது நல்லது. வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டுங்கள். பிறகு மல்டிமீட்டரில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என மூன்றையும் பாருங்கள். மீட்டர் வேலை செய்கிறதா என்பதை, மின்சாரம் இருக்கும் வேறோர் இடத்தில் முன்னும் பின்னும் சோதித்துக்கொள்ளுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் வேலை செய்யும் இடத்துக்கு மேலே மறைப்பு வேண்டும். கையும் கருவியும் துடைத்திருக்க வேண்டும்.

அடுத்து வயரின் முனை. நனைந்து கிடந்த வயரில் உள்ளே இருக்கும் இழைகள் கறுத்திருக்கும். இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாகத் தண்ணீர் இன்சுலேஷனுக்குள் வெகுதூரம் ஏறிப் போயிருக்கும். கறுத்த செம்பை லீவரில் மாட்டினால் தொடுமிடத்தில் தடை கூடிச் சூடாகும். எனவே பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். 30 செ.மீ. வெட்டிய பின்னும் கறுப்பாகவே இருந்தால் அந்த வயரையே மாற்றுவதுதான் சரி. சுரண்டிப் பளபளப்பாக்குவது ஒற்றைக் கம்பிக்கு ஓரளவு உதவும், பல இழை வயருக்கு உதவாது.

221 வகையின் 4 சதுர மி.மீ. வரையிலான மாடலுக்கு 11 மி.மீ. தோல் சீவ வேண்டும். 6 சதுர மி.மீ. வரை ஏற்கும் பெரிய மாடலுக்கு 12 முதல் 14 மி.மீ. கனெக்டரின் உடலிலேயே அளவு குறித்திருக்கும். குறைவாகச் சீவினால் ஸ்பிரிங் செம்புக்குப் பதில் இன்சுலேஷனைக் கடிக்கும். இழுத்துப் பார்த்தால் கெட்டியாக இருப்பதுபோலத் தோன்றும், லோடு ஏறியதும் உருகும். அதிகமாகச் சீவினால் வெறும் செம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உலர்ந்த இடத்தில் அதுவே பிழை. ஈர இடத்தில் கசிவு தொடங்கும் இடமும் அதுதான்.

லீவரை முழுதாகத் தூக்குங்கள். இழைகளை லேசாக நேராக்கி, கடைசிவரை உள்ளே தள்ளுங்கள். ஓர் இழைகூட மடங்கி வெளியே நிற்கக் கூடாது. ஒரு துளைக்கு ஒரு வயர்தான். முனையில் ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள். ஈயம் தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக்கொடுக்கும், பிடி தளரும். லீவரை மூடியபின் உடலின் வழியாகப் பாருங்கள்: செம்பின் முனை உள்ளே கடைசிவரை போயிருப்பது தெரிய வேண்டும். பிறகு ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். இந்தக் கனெக்டர்கள் செம்பு வயருக்கானவை, அலுமினியத்தை இதில் மாட்டக் கூடாது.

இப்போது தண்ணீரைத் தடுக்கும் வேலை. அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

தரையோரம், செடிகளுக்கு நடுவே, தண்ணீர் தேங்கும் குழியில் என்றால் ஜெல் தவிர வேறு வழியில்லை. லீவர் கனெக்டருக்கென்றே, உள்ளே ஜெல் நிரப்பிய சிறு பெட்டிகள், தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் ஐ.பி.எக்ஸ்.8 தரத்தில் கிடைக்கின்றன. கனெக்டரை வைத்து அழுத்தி மூடினால் ஜெல் இடுக்கெல்லாம் புகுந்து காற்றை வெளியேற்றிவிடும். பெட்டியின் அளவும் கனெக்டரின் மாடலும் பொருந்த வேண்டும், பெரிய பெட்டிக்குள் சின்ன கனெக்டர் போட்டால் ஜெல் முழுதாக மூடாது. இன்னொரு வகை, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுவது. அதை ஒரு மூலையிலிருந்து மெதுவாக ஊற்றினால்தான் காற்றுக் குமிழி நிற்காது. எதுவானாலும் லீவரை மூடி, இழுத்துப் பார்த்து, மீட்டரில் தொடர்ச்சியையும் பார்த்த பிறகே ஜெல். கேபிளின் இழுவை ஜெல் பெட்டியின் மேல் விழக் கூடாது. இருபக்கமும் கிளிப் போட்டுப் பிடித்துவிடுங்கள்.

சுவரில், மழை மட்டும் அடிக்கும் இடமென்றால் ஐ.பி.65 அல்லது அதற்கு மேற்பட்ட ஜங்ஷன் பாக்ஸ் போதும். ஆனால் கிளாண்ட் சரியாக இறுகாவிட்டால் அந்தத் தரம் கிடைக்காது. கிளாண்டின் ரப்பர் வட்டமான கேபிளைத்தான் இறுக்கிப் பிடிக்கும். தட்டை கேபிளையோ மூன்று தனி வயர்களையோ ஒரே கிளாண்டில் நுழைத்தால் பக்கவாட்டில் வழி திறந்தே இருக்கும். கேபிளின் தடிமன் கிளாண்டின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கிளாண்டுகள் கீழ்நோக்கி இருக்கட்டும். கேபிள் மேலிருந்து வந்தால், பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு கொடுத்து மேலேற்றுங்கள். வழிந்து வரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

மூடிய பெட்டிக்குள்ளும் தண்ணீர் சேரும். பகலில் சூடான காற்று விரிந்து வெளியேறும், இரவில் குளிர்ந்து வெளி ஈரத்தை உறிஞ்சும், உள்ளே வியர்க்கும். அதற்கு இரண்டு வழி உண்டு: பெட்டியை ஜெல்லால் நிரப்புங்கள், அல்லது பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் துளையைத் திறந்துவிட்டு, கனெக்டர்களை அடியில் கிடக்கவிடாமல் மேலே நிறுத்துங்கள். துளை திறந்தால் ஐ.பி. தரம் குறையும், ஆகவே மேலிருந்து மட்டும் மழை படும் இடத்துக்கே அது பொருந்தும்.

வினிகர் வாசனை வரும் சிலிக்கோனைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வெளிவரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். வாசலினும் வேண்டாம், வெப்பத்தில் உருகி ஓடிவிடும்.

12 வோல்ட் டி.சி. தோட்ட விளக்குகளுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஷாக் அபாயம் குறைவுதான். ஆனால் ஈரத்தில் டி.சி. ஓடினால் மின்பகுப்பு நடக்கும், பாசிட்டிவ் பக்கச் செம்பு கரைந்துகொண்டே போகும். விளக்கு மங்குவதைப் பார்த்துப் பெட்டியைத் திறந்தால், ஒரு வயர் புதுசாகவும் இன்னொன்று பச்சைத் தூளாகவும் இருக்கும்.

மூடும் முன், விளக்கு, டிரைவர் (எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) போன்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 230 வோல்ட் சர்க்யூட்டை 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி) சோதியுங்கள். ஃபேஸ்-நியூட்ரல் சோதனையை விட்டுவிடாதீர்கள், ஆர்.சி.சி.பி. பார்க்காத கசிவு அதில்தான் தெரியும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மின்சாரம் கொடுக்கக் கூடாது. புது இணைப்பு அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். 2, 3 மெகா ஓம் என்று வந்தாலே எங்கோ ஈரம் இருக்கிறது, தேடுங்கள்.

கிணற்றுக்குள், போர்வெல்லுக்குள் இறங்கும் நீர்மூழ்கி மோட்டார் கேபிளுக்கு மட்டும் இந்த முறை எதுவும் வேண்டாம். அங்கே அழுத்தி இணைக்கும் ஸ்லீவும், உள்பக்கம் பசை பூசிய, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் அல்லது ரெசின் ஜாயின்ட் கிட்டும்தான் தாங்கும்.