விடுதலை ஆன பிறகும் வக்கீல் செலவு யார் தலையில்?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் மயக்க மருந்து டாக்டர். அவளுக்குத் தெரிந்த ஒரு டாக்டர் மேல், நோயாளி இறந்துபோனதற்காக கிரிமினல் கேஸ் நடந்து, கடைசியில் குற்றமில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. ஆனால் வக்கீலுக்குக் கொடுத்ததில் பாதிகூடத் திரும்பவில்லையாம். தோற்றது அரசுத் தரப்புதானே, முழுசாகக் கொடுக்க வேண்டாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கொடுக்கத்தான் வேண்டும் அம்மா, ஒருகாலத்தில் கொடுத்தார்கள். 1985 சட்டப்படி, சொந்தக் காசில் வழக்காடி விடுதலையானவருக்கு நியாயமான செலவை அரசு நிதியிலிருந்து தரச் சொல்லி நீதிபதி உத்தரவு போடுவார். 2012 அக்டோபரில் கிரவுன் கோர்ட் (பெரிய கிரிமினல் வழக்குகளை விசாரிக்கிற கோர்ட்) வழக்குகளுக்கு அதை அடியோடு நிறுத்தினார்கள். பிரிட்டிஷ் பார்லிமென்ட்டின் முன்னாள் துணை சபாநாயகர் நைஜல் எவன்ஸ் வேறொரு வழக்கில் 2014-ல் விடுதலையானபோது சுமார் 1,30,000 பவுண்டு கைவிட்டுப் போனது அதனால்தான். 2014 ஜனவரி கடைசியில் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள், அதற்குப் பிறகு வந்த வழக்குகளுக்கு மட்டும், இரண்டு நிபந்தனையோடு.

முதல் நிபந்தனையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சட்ட உதவிக்கு (அரசே வக்கீல் செலவை ஏற்கும் திட்டம்) விண்ணப்பித்து, வருமானம் அதிகம் என்று மறுக்கப்பட்டிருக்க வேண்டும். கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, அத்தியாவசியச் செலவு போக ஆண்டுக்கு 37,500 பவுண்டு நின்றாலே மறுப்புதான், அதனால் எப்படியும் கிடைக்காது, எதற்கு வீண் வேலை என்று டாக்டர்கள் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது, அந்த மறுப்பு இல்லாவிட்டால் விடுதலையான பிறகு ஒரு பென்னிகூட கேட்க முடியாது. இரண்டாவது, கிடைப்பதும் சட்ட உதவி வக்கீலுக்கு அரசு கொடுக்கிற ரேட்டில்தான், பெரிய வக்கீல்கள் வாங்குவது அதைப் போல பல மடங்கு. அந்த டாக்டருக்குப் பாதிகூட வராததற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

சரி, வழக்குப் போட்டவர்களிடமே கேட்கலாமே என்றால், அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது, ஆனால் படி மிக உயரம். கென்ட் பகுதியில் 2012-ல் சிசேரியனுக்குப் பிறகு ஒரு தாய் இறந்ததற்காக, மயக்க மருந்து டாக்டர் எரால் கார்னிஷ் மீதும் மருத்துவமனை ட்ரஸ்ட் மீதும் வழக்கு வந்தது. 2016 ஜனவரியில் அரசுத் தரப்பு சாட்சியம் முடிந்ததுமே, பதில் சொல்லும் அளவுக்கு இதில் வழக்கே இல்லை என்று நீதிபதி கோல்சன் நிறுத்திவிட்டார். அதே நீதிபதிதான் செலவு பற்றிய தீர்ப்பில், வழக்கு இப்படி விழுந்தது மட்டும் போதாது, அரசுத் தரப்பு அப்பட்டமாகத் தவறியிருக்க வேண்டும், அப்படிப்பட்ட உத்தரவு மிக அபூர்வம் என்றார். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. வருஷக்கணக்கில் கொலைப்பழி சுமந்த மனிதர் கடனையும் ஏன் சுமக்க வேண்டும்?

அப்புறம், உங்கள் மகளிடம் ஒன்று கேளுங்கள். என்.எச்.எஸ். (அங்குள்ள அரசு மருத்துவ சேவை) தருகிற காப்பு நஷ்டஈட்டு வழக்குகளுக்குத்தான், கிரிமினல் வழக்குக்கு வராது. எம்.டி.யூ., எம்.பி.எஸ். மாதிரி டாக்டர்கள் பாதுகாப்புச் சங்கம் எதிலாவது உறுப்பினரா? இல்லையென்றால் இந்த மாதமே சேரச் சொல்லுங்கள். உறுப்பினர்தான் என்றால், மரணத்துக்கான கிரிமினல் வழக்கில் எதுவரை உதவுவார்கள் என்று எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பல சங்கங்களில் அது அவர்கள் பார்த்து முடிவு செய்வதுதான்.