ரிமோட் இணைப்பு அடிக்கடி கட் ஆகிறதா? ரூட்டர் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி (குமுளி வாசகி): கொச்சி அலுவலகக் கம்ப்யூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலுள்ள கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே இயக்கும் வசதி) வழியாக டேலி கணக்கு எழுதுகிறேன். விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழி) போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பிரச்சினையே இருக்காது, மறுநாள் நாலைந்து தடவை கட் ஆகிவிடும். அந்த நேரத்திலும் யூடியூப் நன்றாகவே ஓடுகிறது. கடைக்காரர் நாலாயிரம் ரூபாய்க்கு வேறு ரூட்டர் வாங்கச் சொல்கிறார். இணைய கம்பெனி வேகமான பிளானுக்கு மாறச் சொல்கிறது. எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கணக்கு எழுத ஓரிரு எம்பிபிஎஸ் வேகமே போதும். யூடியூப் ஓடுவதை வைத்து லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யவும் முடியாது. அது வீடியோவைக் கொஞ்சம் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால், நடுவில் பத்து நொடி லைன் போனாலும் உங்களுக்குத் தெரியாது. ரிமோட் இணைப்பு அப்படியல்ல, அந்தப் பத்து நொடியிலேயே அறுந்துவிடலாம்.

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு கட் ஆனது, அப்போது டைப் செய்துகொண்டிருந்தீர்களா, சும்மா விட்டிருந்தீர்களா, ரூட்டரில் எந்த விளக்கு எரிந்தது. பாதி விடை அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும்.

சமையலறைக்குப் போய்விட்டு வந்தால் மட்டும் கட் ஆகியிருக்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் ரூட்டரில் இல்லை. இப்போது பல இணைய கம்பெனிகள் ஒரே பொது ஐபி முகவரியை (இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் எண்)ப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத் தருகின்றன. உங்கள் ரூட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது கம்பெனி ரூட்டருக்குத் தரும் ஐபி எண், 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்களும் அந்தப் பங்கில்தான் இருக்கிறீர்கள். யாருடைய இணைப்பு எங்கே போகிறது என்று கம்பெனியின் கருவி ஒரு பட்டியல் வைத்திருக்கும். கொஞ்ச நேரம் தகவல் எதுவும் போகாத இணைப்பை அது பட்டியலிலிருந்து நீக்கிவிடும். பல விபிஎன்கள் பயன்படுத்தும் யுடிபி என்ற தகவல் அனுப்பும் முறையில் இது சில நிமிடங்களிலேயே, சில சமயம் அதற்கும் முன்பே நடக்கும். இதற்கு மருந்து 'கீப் அலைவ்': இணைப்பு உயிரோடு இருப்பதைக் காட்ட அவ்வப்போது ஒரு சிறு துணுக்கை அனுப்பும் வசதி. வயர்கார்டு என்ற வகை விபிஎன் என்றால் 25 நொடி என்று வைக்கச் சொல்லி அலுவலக சிஸ்டம் ஆளிடம் கேளுங்கள். ஒரு பைசா செலவில்லை.

டைப் செய்துகொண்டிருக்கும்போதே போகிறது என்றால், கம்ப்யூட்டரில் இரண்டு பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று தொடர்ந்து தட்டிப் பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள். ஒன்று உங்கள் ரூட்டருக்கு (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்று வெளி இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு. கட் ஆகும் நேரத்தில் இரண்டுமே நின்றால் தவறு வீட்டுக்குள். வைஃபையை விட்டுவிட்டு லான் கேபிளைச் செருகிப் பாருங்கள், பலருக்கு இதோடு சரியாகிவிடும். இரண்டாவது மட்டும் நின்றால் லைனில் கோளாறு. ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் படம் எடுத்து வையுங்கள். இரண்டுமே நிற்காமல் ரிமோட் மட்டும் போனால் விபிஎன்னையோ அலுவலகத்தையோதான் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது கரண்டைத்தான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மின்சாரம் கண் சிமிட்டும் நேரம் போய் வந்தாலே ரூட்டர் அணைந்து, மறுபடி எழ இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் நொடிப்பொழுதில் இதே கதை நடக்கலாம். இன்வெர்ட்டரில் 'யுபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அந்தப் பக்கம் மாற்றுங்கள், சீக்கிரம் மாறும். இல்லையென்றால் ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் வாங்கலாம். இந்த வாங்கலுக்கு என் முழு சம்மதம் உண்டு. அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட் (பெரும்பாலும் 12) அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து வாங்குங்கள்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பினால் குமுளி மாதிரி மாநில எல்லை ஊரில் இன்னொரு தொல்லை. போன் ஒரு நேரம் கேரள டவரையும் ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரையும் பிடிக்கும். அப்படி மாறும்போது ஐபி முகவரியும் மாறினால் இணைப்பு போய்விடும்.

அப்புறம், கட் ஆனதும் பதறாதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் உங்கள் வேலை அலுவலகக் கம்ப்யூட்டரில் திறந்தபடியேதான் இருக்கும், மறுபடி நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். துண்டித்த செஷனை (நீங்கள் திறந்து வைத்த வேலையை) உடனே மூடும்படி அலுவலகத்தில் வைத்திருந்தால் அந்த நேரத்தை நீட்டிக்கக் கேளுங்கள்.

கேள்வி (கூடலூர், தேனி மாவட்ட வாசகர்): லைனில்தான் கோளாறு என்று பிங் காட்டுகிறது. கம்பெனி கவனிக்கவில்லை. தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில். வழக்குப் போட அங்கேயா போவது?

பதில்: போக வேண்டியதில்லை. முதலில் கம்பெனியில் புகார் எண் வாங்குங்கள், தீரவில்லை என்றால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 'தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் இல்லை' என்று கம்பெனி வாதாடலாம். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்தத்தான் வாங்கினேன் என்றால் நீங்கள் நுகர்வோர்தான். அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். தேதி, நேரத்தோடு பிங் படங்களையும் புகார் எண்களையும் சேர்த்து இணையுங்கள்.