பேரனுக்கு மேசன்னு பேரு வச்சுட்டாங்க, மாத்தச் சொல்லலாமா?

கேள்வி: மக டெக்சாஸ்ல இருக்கா, மாப்பிள்ளை அமெரிக்கர். பேரனுக்கு மேசன்னு பேரு வச்சிருக்காங்க. இங்க சொந்தக்காரங்க "கொத்தனாரா?"ன்னு கேட்டு சிரிக்கிறாங்க. மனசு கஷ்டமா இருக்கு. வேற பேரு வைக்கச் சொல்லலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: சொல்லாதீங்கம்மா. அங்க அது ரொம்ப சாதாரணமான பேரு. 2011லயும் 2012லயும் அமெரிக்கால ஆம்பளப் புள்ளைங்களுக்கு அதிகமா வச்ச பேருல ஜேக்கப்புக்கு அடுத்து ரெண்டாவதா இருந்ததே மேசன்தான். 2009 டிசம்பர்ல டிவி பிரபலம் கோர்ட்னி கர்தாஷியன் தன் பையனுக்கு வச்சதும் இன்னும் பரவிச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே அந்தப் பேரு மேல ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு.

அர்த்தம் கல்லு வேலை பாக்குறவர், அதை மறைக்க வேண்டியதில்ல. 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சப்புறம் அவங்க பிரெஞ்சுல இருந்து வந்த சொல்லு. ஒரே ஊர்ல நாலு ஜான் இருந்தா கல்லு கொத்துற ஜான், துணி தைக்கிற ஜான்னு பிரிச்சுச் சொல்லி, பேரப்பிள்ளைங்க வேற தொழிலுக்குப் போனப்புறமும் அது குடும்பப் பேரா ஒட்டிக்கிச்சு, டெய்லர், குக், ஸ்மித் எல்லாம் அப்படி வந்ததுதான். அம்மா வீட்டுக் குடும்பப் பேரு அழிஞ்சிடக் கூடாதுன்னு புள்ளைக்கு முதல் பேரா வைக்கிற வழக்கம் அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல ரொம்ப நாளா உண்டு. உங்க சம்பந்தி வீட்லயும் பாட்டி வழியில யாராவது மேசன் குடும்பமான்னு மாப்பிள்ளைகிட்ட ஆசையா கேட்டுப் பாருங்க, அவருக்கும் சந்தோஷமா இருக்கும்.

அந்த சொந்தக்காரங்க சிரிப்பு இருக்கே, அதுதான் எனக்குக் கோபம் வருது. அவங்க குடியிருக்கிற வீட்டை யாரு கட்டுனது? கொத்தனார்னா என்ன கேவலம்? தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல, அதைக் கட்டுன தலைமைச் சிற்பியோட பேரு குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன்னு வெட்டியிருக்கு. ராஜராஜ சோழன் பேரையும் தச்சன்ங்கிற தொழிலையும் ஒண்ணா சேர்த்து கோயில் கல்லுலயே வெட்டியிருக்காங்க. அடுத்த தடவை சிரிச்சா இதைச் சொல்லுங்க.

உங்க ஆசைக்கு வீட்டுப் பேரு ஒண்ணு வைங்க, தாத்தா பேரோ குலசாமி பேரோ, மககிட்ட முதல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு. சர்டிபிகேட்ல ஏத்தச் சொல்லி அவங்களைப் படுத்த வேணாம். வீடியோ கால்ல தினம் அதைச் சொல்லியே கூப்பிடுங்க, மாப்பிள்ளைக்கும் சொல்லிக் குடுங்க.