பிரிண்டர் வைஃபையில் இருக்கிறது. கணினி மட்டும் ‘ஆஃப்லைன்’ என்கிறது

கேள்வி: புதிதாக வாங்கிய இங்க் டேங்க் பிரிண்டரில் யூஎஸ்பி, வைஃபை இரண்டு வசதியும் உண்டு. மேசைக் கணினியில் வைஃபை இல்லை. லேன் கேபிள் மூலம் ரூட்டருடன் இணைந்திருக்கிறது. மடிக்கணினி வைஃபையில் ஓடுகிறது. கைப்பேசியிலிருந்து ஒழுங்காகப் பிரிண்ட் வருகிறது. மடிக்கணினியில் முதலில் வந்தது, சில நாட்களில் ‘ஆஃப்லைன்’ என்று காட்ட ஆரம்பித்துவிட்டது. மேசைக் கணினியில் யூஎஸ்பி கேபிள் போட்டால் பிரிண்டர் பெயர் தெரிகிறது, காகிதம் மட்டும் நகரவே இல்லை. இரண்டிலும் தொல்லையில்லாமல் வேலை செய்ய எப்படி இணைப்பது?

பதில்: கைப்பேசியிலிருந்து பிரிண்ட் வருகிறது என்று சொல்லியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. பிரிண்டர் நன்றாக இருக்கிறது, அதன் வைஃபையும் நன்றாக இருக்கிறது, ரூட்டரும் சரி. கோளாறு இரண்டு கணினிகளிலும் பதிவாகியுள்ள விவரத்தில்தான். இந்த நிலையில் பிரிண்டரை ரீசெட் செய்வதோ, மென்பொருளைத் திரும்பத் திரும்ப நிறுவுவதோ வீண் வேலை. பலரும் முதலில் செய்வது அதைத்தான்.

முதலில் ஒரு முடிவு எடுத்துவிடுவோம். யூஎஸ்பி கேபிளைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இரண்டு கணினிகளுமே வைஃபை வழியாக அந்தப் பிரிண்டரைப் பயன்படுத்தலாம். மேசைக் கணினியில் வைஃபை இல்லாதது ஒரு தடையே அல்ல. கணினி கேபிளில் ரூட்டருக்கு வருகிறது, பிரிண்டர் காற்றில் ரூட்டருக்கு வருகிறது. இரண்டும் ஒரே ரூட்டரில் இருந்தால் போதும். இதற்காகத் தனியாக வைஃபை அடாப்டர் வாங்கிச் செருகுபவர்கள் உண்டு, தேவையே இல்லை.

மடிக்கணினியில் ஏன் அறுந்தது?

ரூட்டர் தன்னிடம் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.7 என்பதுபோல ஒரு ஐபி முகவரி கொடுக்கிறது. இது நிரந்தரமல்ல, குறிப்பிட்ட காலத்துக்குத்தான். பிரிண்டரை இரண்டு நாள் அணைத்துவைத்து மறுபடி போட்டால், அல்லது மின்சாரம் போய் ரூட்டர் புதிதாகக் கிளம்பினால், அதே பிரிண்டருக்கு 192.168.1.12 கிடைக்கலாம். கைப்பேசி ஒவ்வொரு முறையும் ‘இங்கே பிரிண்டர் யார் இருக்கிறீர்கள்?’ என்று கேட்டுத் தேடிப் பிடிப்பதால் அதற்கு இது தெரிவதே இல்லை. விண்டோஸ் பெரும்பாலும் முதல் நாள் குறித்துக்கொண்ட முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்துக்கே தபால் போடுகிற கதைதான்.

சில நேரம் விண்டோஸ் பிரிண்டரை ‘டபிள்யூஎஸ்டி’ என்ற வகைப் போர்ட்டில் (பிரிண்டருக்குத் தகவல் அனுப்ப விண்டோஸ் குறித்துவைக்கும் வழி) சேர்த்திருக்கும். அது முகவரியைத் தானே தேடிக்கொள்ளும் ஏற்பாடு. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் பிரிண்டர் உறக்க நிலைக்குப் போய் எழுந்ததும் தேடல் தவறி, ‘ஆஃப்லைன்’ என்று நின்றுவிடுவது சகஜம். நிலையான முகவரி, அதற்கு நேரடி டிசிபி/ஐபி போர்ட் என்பதே வீட்டுக்கு நம்பகமான வழி. அதைச் செய்யும் முறை இது.

பிரிண்டரிலிருந்தே நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிடுங்கள். சிறு திரை உள்ள மாடலில் நெட்வொர்க் மெனுவுக்குள் இருக்கும். திரை இல்லாவிட்டால் பெரும்பாலும் ‘ஐ’ அல்லது வைஃபை குறியுள்ள பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். எந்தப் பொத்தான் என்பது கையேட்டில் இருக்கும். அந்தத் தாளில் மூன்றைப் பாருங்கள்: எந்த வைஃபை பெயரில் சேர்ந்திருக்கிறது, ஐபி முகவரி என்ன, மேக் முகவரி (கருவிக்கே உரிய அடையாள எண்) என்ன. வைஃபை பெயர் ‘கெஸ்ட்’ நெட்வொர்க்காக இருந்தால் அங்கேயே பிடிபட்டுவிட்டது. கெஸ்ட் நெட்வொர்க்கில் உள்ள கருவிகளை வீட்டின் மற்ற கருவிகளோடு பேசவிடாமல் ரூட்டர் பிரித்தே வைக்கும். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் அதற்கு முகவரியே தரவில்லை என்று பொருள். பிரிண்டரை வைஃபையில் மறுபடி சேர்க்க வேண்டும்.

இப்போது மடிக்கணினியில் பிரவுசரைத் திறந்து, முகவரிப் பட்டையில் அந்த ஐபி எண்ணைத் தட்டுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம், மை அளவு போன்ற விவரங்களுடன் திறக்க வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழ் பற்றி ஓர் எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் கருவிக்கு அது வழக்கம்தான். இந்தப் பக்கம் திறந்தால் வலையமைப்பில் குறையே இல்லை, மிச்சமிருப்பது விண்டோஸ் அமைப்பு மட்டும். திறக்கவில்லை என்றால் கணினியில் விபிஎன் (இணையத் தொடர்பை வேறொரு வலையமைப்பு வழியாகத் திருப்பிவிடும் மென்பொருள்) ஓடுகிறதா பாருங்கள். அலுவலக விபிஎன்கள் பல, வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கான வழியை அடைத்துவிடும். விபிஎன் இல்லை என்றால் ரூட்டரில் ‘ஏபி ஐசொலேஷன்’ (வைஃபை கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாத அமைப்பு) இயங்குகிறதா என்று பாருங்கள்; இயங்கினால் அணையுங்கள். வேறு எதையும் மாற்றுவதற்கு முன்பே செய்து பார்க்க வேண்டிய சோதனை இது என்றே சொல்வேன். மற்ற எல்லாத் தேடலையும் பாதியாகக் குறைத்துவிடும்.

அடுத்து ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், ஐபி முகவரிகள் வழங்குவதைக் கவனிக்கும் டிஎச்சிபி பகுதிக்குள் போனால் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது அதுபோன்ற பெயரில் ஓர் இடம் இருக்கும். பிரிண்டரின் மேக் முகவரியையும், அதற்கு ஒதுக்க வேண்டிய ஐபி முகவரியையும் அங்கே பதிந்து சேமியுங்கள். இனி அந்தப் பிரிண்டருக்கு அந்த எண்தான். பிரிண்டரின் மெனுவிலேயே நிலையான ஐபி போடவும் முடியும். ஆனால் பின்னாளில் ரூட்டரை மாற்றினால், புதியது 192.168.0 வரிசையில் முகவரி கொடுப்பதாக இருந்தால், பிரிண்டர் பழைய 192.168.1 வரிசையிலேயே உட்கார்ந்து யாருக்கும் அகப்படாது. அதனால் ரூட்டரில் ஒதுக்குவதே மேல்.

விண்டோஸில் மறுபடி சேர்த்தல்

செட்டிங்ஸுக்குள் ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ போங்கள். விண்டோஸ் 11இல் இது ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’ என்பதற்குள் இருக்கும்; விண்டோஸ் 10இல் ‘டிவைசஸ்’ என்பதற்குள். பழைய பிரிண்டர் பதிவுகளை, ‘காப்பி 1’ என்று வால் முளைத்தவை உட்பட, எல்லாவற்றையும் நீக்குங்கள். பிறகு ‘ஆட் டிவைஸ்’ அழுத்துங்கள். தேடல் ஓடும்போதே பிரிண்டர் பெயர் பட்டியலில் வரும், அதைத் தொடாதீர்கள். சில விநாடி பொறுத்தால் கீழே கைமுறையாகச் சேர்ப்பதற்கான வரி தோன்றும். அதற்குள் ஐபி முகவரியால் சேர்க்கும் வழியைத் தேர்ந்து, கருவி வகையாக ‘டிசிபி/ஐபி டிவைஸ்’ என்று வைத்து, ஒதுக்கிய எண்ணைக் கொடுங்கள். டிரைவர் (பிரிண்டரை இயக்கக் கணினிக்குத் தேவையான மென்பொருள்) கேட்கும்போது தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கு உரியதை முன்பே இறக்கி வைத்திருந்தால் வேலை சுலபம். இதே வேலையை மேசைக் கணினியிலும் செய்யுங்கள்.

முடித்ததும் அதே பக்கத்தில் ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’ என்பதை அணைத்துவிட்டு, உங்கள் பிரிண்டரை டிஃபால்ட் ஆக்குங்கள். அதை அணைக்காவிட்டால் கடைசியாக எதில் பிரிண்ட் கொடுத்தீர்களோ அதையே டிஃபால்ட் ஆக்கிக்கொள்ளும். பிடிஎஃப் ஆகச் சேமிக்க ஒருமுறை ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ தேர்ந்தால், அடுத்த ஆவணமும் காகிதத்துக்குப் போகாமல் கோப்பு பெயர் கேட்டு நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ‘ஆஃப்லைன்’ என்றால் இரண்டு இடங்கள் பாக்கி. பிரிண்ட் வரிசையைக் காட்டும் பெட்டியின் மெனுவில் ‘யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்’ என்பதில் டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் 11இன் புதிய தோற்றத்தில் அந்த மெனு எல்லோருக்கும் வருவதில்லை. இன்னொன்று, ‘பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ்’ பெட்டியில் ‘போர்ட்ஸ்’ தாவலுக்குப் போய் ‘கன்ஃபிகர் போர்ட்’ திறந்து, ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்’ டிக்கை எடுத்துவிடுவது. பிரிண்டரின் நிலையை விண்டோஸ் விசாரிக்கும் கேள்வி அது. பதில் வராவிட்டால், பிரிண்டர் முழிப்பாக இருந்தாலும் ‘ஆஃப்லைன்’ முத்திரை குத்திவிடும்.

யூஎஸ்பியில் பெயர் வந்தும் காகிதம் வராதது ஏன்?

கேபிளைச் செருகியதும் விண்டோஸ் ‘யூஎஸ்பி001’ என்று ஒரு போர்ட் உருவாக்கும். அடுத்த முறை கணினியின் வேறு துளையில் செருகினால் ‘யூஎஸ்பி002’ என்று இன்னொரு பதிவு உருவாகலாம். நீங்கள் பிரிண்ட் கொடுப்பது பழைய பதிவுக்கு, கேபிள் இருப்பது புதியதில். பட்டியலில் ஒரே பிரிண்டர் இரண்டு முறை தெரிந்தால் காரணம் இதுதான். ‘போர்ட்ஸ்’ தாவலில் டிக் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று பார்த்து மாற்றினால் வேலை முடிந்தது.

இன்னொரு சாத்தியம், முன்னால் கொடுத்த ஆவணம் ஒன்று வரிசையில் சிக்கி, பின்னால் வருபவற்றையும் மறித்துக்கொண்டிருப்பது. ‘டிலீட்டிங்’ என்று காட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். தொடக்க மெனுவில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, பட்டியலில், பிரிண்ட் வரிசையை நடத்தும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ மீது வலச்சொடுக்கி ‘ஸ்டாப்’ கொடுங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள்; ஃபோல்டரை அழிக்காதீர்கள். திரும்பவும் ஸ்பூலரை ‘ஸ்டார்ட்’ செய்யுங்கள். பிரிண்டரையும் ஒருமுறை அணைத்துப் போடுவது நல்லது, பாதி ஆவணம் அதன் நினைவகத்தில் தங்கியிருக்கும். அந்தப் பாதியோடு அடுத்தது சேரும்போதுதான் பக்கம் பக்கமாகப் புரியாத குறிகள் கொட்டும். அதைப் பார்த்து டிரைவரைக் குறை சொல்வது வழக்கம். தவறான டிரைவராலும் அப்படி வரும், ஆனால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும்.

கேபிளையும் மறந்துவிடக் கூடாது. பிரிண்டர் பக்கத்தில் சதுரமான பி வகை முனை, கணினி பக்கத்தில் தட்டையான ஏ வகை முனை. யூஎஸ்பி 2.0க்கு 5 மீட்டர்தான் வரம்பு. வீட்டில் 2 மீட்டருக்கு மேல் தேவைப்படாது. ஹப் வழியாகச் செருகாமல் நேரே கணினியில் செருகிப் பாருங்கள். புதிய பிரிண்டரில் அந்தத் துளைமீது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அர்த்தத்தோடுதான் ஒட்டியிருக்கிறார்கள். முதலில் மென்பொருளை நிறுவி, அது சொல்லும் கட்டத்தில்தான் கேபிள் செருக வேண்டும். முந்திச் செருகினால் விண்டோஸ் தன் பொது டிரைவரைப் போட்டுவிடும். பிரிண்ட் வரும், ஸ்கேனரும் மை அளவும் வராது.

சோதிக்கும் வரிசை

எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் கணினியைத் தொடாமல் பிரிண்டரிலேயே ஒரு நகல் எடுங்கள். நகல் வந்தால் மை, ஹெட், காகிதம் எல்லாம் சரி. அடுத்து ‘பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ்’ பெட்டியில் ‘பிரிண்ட் டெஸ்ட் பேஜ்’. அது வந்தால் இணைப்பும் டிரைவரும் சரி. அதன்பின் நோட்பேடில் ஒரு வரி. கடைசியில்தான் சிக்கல் கொடுத்த ஆவணம். மற்றவை எல்லாம் வந்து ஒரே ஒரு பிடிஎஃப் மட்டும் மக்கர் செய்தால், அடோபி ரீடரில் ‘அட்வான்ஸ்ட்’ அழுத்தி ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ டிக் போட்டுக் கொடுங்கள்; வந்துவிடும்.

பிரிண்டர் விளக்கு மினுக்கிக்கொண்டு, காகிதம் இருந்தும் காகிதம் கேட்டு நின்றால், பெரும்பாலும் ஆவணம் ‘லெட்டர்’ அளவில் இருக்கும், தட்டில் ஏ4 இருக்கும். லெட்டர் அகலத்தில் 216 மில்லிமீட்டர், உயரத்தில் 279. ஏ4 என்பது 210க்கு 297. ஆவணத்திலும் பிரிண்டர் டிஃபால்ட்டிலும் ஏ4 என்று மாற்றுங்கள். இணைப்புக் கோளாறு என்று நினைத்துப் பாதி நாள் இதில் போய்விடும்.

பின்னால் ரூட்டரை மாற்ற நேர்ந்தால் இரண்டு விஷயம். வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும், 5 கிகாஹெர்ட்ஸ் அவற்றின் கண்ணுக்கே தெரியாது. வைஃபை பாதுகாப்பு முறை ‘டபிள்யூபிஏ3 மட்டும்’ என்று இருந்தாலும் பழைய மாடல்கள் சேராது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலையில் வையுங்கள். பாஸ்வேர்ட் தட்டாமல் டபிள்யூபிஎஸ் பொத்தானால் சேர்ப்பதானால், ரூட்டரில் அழுத்தியதும் 2 நிமிடத்துக்குள் பிரிண்டரிலும் அழுத்த வேண்டும். புது ரூட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுத்துவிட்டால் மறுபடி சேர்க்கும் வேலை இல்லை. பிரிண்டர் தானாகச் சேர்ந்துகொள்ளும், ஐபி ஒதுக்கீட்டைப் புதிய ரூட்டரில் மறுபடி பதிய வேண்டியிருக்கும்; எண் மாறினால் கணினிகளின் போர்ட்டிலும் புதிய எண்ணைக் கொடுக்க வேண்டும்.