எடைக்கல்லின் அடியில் இருந்த ஈயம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வேதாகமத்தில் "மனந்திரும்புங்கள்" என்று இருக்கும் இடத்தில், என் கத்தோலிக்கத் தோழியின் வேதாகமத்தில் "மனம் மாறுங்கள்" என்று இருக்கிறது. இரண்டில் எது சரி?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டும் சரிதான். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள "மெட்டனோயா" என்னும் சொல், ஒருவர் நினைக்கும் விதமே மாறிப்போவதைக் குறிக்கிறது. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளின் வாயில் அடிக்கடி வரும் "ஷூப்" என்னும் எபிரெயச் சொல்லோ, வழி தப்பிப் போனவன் நின்று, திரும்பி, வந்த திசையில் நடக்கத் தொடங்குவதைக் குறிக்கிறது. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு திரும்புதலைப் பிடித்துக்கொண்டது; கத்தோலிக்க மக்களிடம் வழங்கும் பொது மொழிபெயர்ப்பு மாற்றத்தைப் பிடித்துக்கொண்டது.

சொல்லைவிட, அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் அடுத்து என்ன கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். லூக்கா 3-ஆம் அதிகாரத்தில், மனந்திரும்பச் சொல்லிப் பிரசங்கித்த யோவான்ஸ்நானனிடம் வந்த கூட்டத்தார் "அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும், வரி வசூலிப்பவன் விதித்ததற்கு மேல் வாங்கக் கூடாது, போர்ச்சேவகன் ஒருவரையும் மிரட்டாமல் தன் சம்பளமே போதும் என்று இருக்க வேண்டும் என்பவைதான் அவர் சொன்ன பதில்கள். வனாந்தரத்தில் வெட்டுக்கிளியைத் தின்று வாழ்ந்த அந்த மனிதர் ஒருவரையும் தம்மோடு வனாந்தரத்தில் தங்கச் சொல்லவில்லை என்பதும், ஒருவரையும் வேலையை விடச் சொல்லவில்லை என்பதும் எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

கேள்வி: நானும் அண்ணனும் சேர்ந்து பலசரக்குக் கடை நடத்துகிறோம். எலக்ட்ரானிக் தராசு வருவதற்கு முன்பு, ஒரு கிலோ எடைக்கல்லின் அடியில் முத்திரைக்காக ஊற்றியிருக்கும் ஈயத்தைக் கொஞ்சம் துருவி எடுத்துவிட்டு வியாபாரம் செய்தோம். இருபது கிராமாவது குறையும். அப்படி ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் நடந்தது. சென்ற ஆண்டு கன்வென்ஷன் கூட்டத்தில் நான் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். இப்போது எடை சுத்தம். ஆனால் பரணில் கிடக்கும் அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் தூக்கம் போய்விடுகிறது. "பழையவைகள் ஒழிந்துபோயின, இனி அதைப் பற்றி யோசிக்காதே" என்கிறார்கள் ஜெபக்குழுவில். அண்ணனோ, வெளியே தெரிந்தால் கடைப் பெயர் கெட்டுவிடும் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் தூக்கம் போனதற்காக நான் வருத்தப்படவில்லை. கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டுச் சதையான இருதயத்தைத் தருவேன் என்று எசேக்கியேல் 36-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். கல்லுக்கு வலிக்காது; சதைக்கு வலிக்கும். எட்டு ஆண்டுகள் வலிக்காத ஓர் இடத்தில் இப்போது வலிக்கிறதென்றால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

"பழையவைகள் ஒழிந்துபோயின" என்னும் வசனம் உங்களுக்கு எதிராக இருந்த தீர்ப்பு ஒழிந்தது என்று சொல்கிறது. அடுத்த வீட்டுக்காரருக்கு நீங்கள் தர வேண்டிய பருப்பு ஒழிந்தது என்று அது எங்கே சொல்கிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் பத்து கிலோ சரக்கு வாங்கிய ஒரு குடும்பத்திற்குக் கிலோவுக்கு இருபது கிராம் வீதம் எட்டு ஆண்டுகளில் 19 கிலோவுக்கு மேல் குறைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு கிலோவில் கண்ணுக்குத் தெரியாத அளவு. சேர்த்துப் பார்த்தால் ஒரு மூட்டையில் பாதிக்குக் கிட்டத்தட்ட வருகிறது.

எரிகோ ஊரில் வரி வசூலித்த சகேயு இந்தக் கணக்கைத் தானே போட்டவன். நியாயப்பிரமாணத்தின்படி, ஏமாற்றியவன் தானாக வந்து ஒப்புக்கொண்டால், முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும். லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. ஆட்டைத் திருடி அடித்துவிட்டவனோ விற்றுவிட்டவனோ பிடிபட்டால்தான் நான்கு மடங்கு. அது யாத்திராகமம் 22-இல் இருக்கிறது. சகேயு தானாகவே ஒப்புக்கொண்டவன் என்றாலும், ஐந்தில் ஒரு பங்கு என்னும் சலுகையை எடுத்துக்கொள்ளாமல், "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று ஆட்டுத் திருடனின் தண்டனையைத் தனக்குத்தானே விதித்துக்கொண்டான். இதிலும் வரிசையை மறந்துவிடாதீர்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு இயேசு அவன் வீட்டுக்கு வரவில்லை. முதலில் அவர் வந்தார்; அதன் பிறகுதான் பணப்பை திறந்தது. ஆகவே மன்னிப்பை விலைக்கு வாங்கும் எண்ணத்தோடு இதைச் செய்யாதீர்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். உங்கள் பழைய பற்று நோட்டுகள் இருந்தால் வாடிக்கையாளர்களின் பெயர்கள் கிடைக்கும். குத்துமதிப்பாகக் கணக்கிட்டு, தாராளப் பக்கமாகவே கணக்கிட்டு, நேரில் போய்க் கொடுங்கள். கொடுக்கும்போது காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ தள்ளுபடி என்று சொல்லிக் கொடுத்தீர்களானால், அவர்கள் உங்களை வள்ளல் என்பார்கள். எடையில் எடுத்தது போதாதென்று அவர்களுடைய நன்றியையும் எடுத்துக்கொண்டவர் ஆவீர்கள். இனிமேல் எல்லாருக்கும் கொஞ்சம் கூடுதலாக நிறுத்துப் போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம், ஏனென்றால் அன்று இழந்தவர்களும் இன்று பெறுபவர்களும் ஒரே ஆட்கள் அல்லர்.

ஆள் அடையாளம் தெரியாதவர்களின் பங்கை, யாருக்கும் தெரியாமல், ஏழைகளுக்குப் போகும்படி செய்யுங்கள். ஆலயத்திற்குத்தான் கொடுப்பேன் என்றால் உறையில் போட்டுப் பெட்டியில் போடுங்கள். டியூப்லைட் வாங்கிக் கொடுத்து அதன் பட்டியில் "உபயம்" என்று எழுதிவிடாதீர்கள். (நம் ஆலயங்களில் சில டியூப்லைட்டுகளில் எழுத்து மறைத்தது போக மீதிதான் வெளிச்சம்.)

அண்ணனைக் கட்டாயப்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் பங்கிலிருந்து கொடுங்கள். போகும் இடத்தில் "நான் செய்தேன்" என்று சொல்லுங்கள், "நாங்கள்" என்று சொல்ல வேண்டாம். ஆனால் தொடங்கும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள், பிறர் வாயால் அவர் கேள்விப்படக் கூடாது. கடைப் பெயர் கொஞ்சம் கெடத்தான் செய்யும். அந்தக் கல்லைப் பழைய இரும்புக்காரரிடம் முழுதாகப் போட்டு, அது வேறொரு கடையின் தராசில் ஏறும்படி விட்டுவிடாதீர்கள், உடைத்துப் போடுங்கள். நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், "சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் எழுதியிருக்கிறார்கள். முத்திரை குத்திய எடைக்கல்லைக் கடைவீதியில் பார்த்திருந்தவர்கள்தாம் அப்படி எழுதியிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

கேள்வி: என் கணவர் இரட்சிக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. குடியை விட்டுவிட்டார், அதற்காகத் தினமும் நன்றி சொல்கிறேன். காலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறார், ஆராதனையில் கண்ணீர் விடுகிறார். ஆனால் குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்கிறது. பிள்ளைகள் அவருடைய மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டாலே உள்ளறைக்குப் போய்விடுகிறார்கள். கேட்டால், "பரிசுத்தமாகுதல் படிப்படியாகத்தான் வரும், எனக்காக ஜெபம் பண்ணு" என்கிறார். அவருடைய மாற்றம் உண்மையா, இல்லையா?
– ஒரு சகோதரி, நாகர்கோவில்

பதில்: சகோதரி, உண்மையா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. குடியை விட்டது சிறிய காரியம் அன்று. "படிப்படியாக வரும்" என்று அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையை யார், யாரிடம் சொல்கிறார்கள் என்பது முக்கியம்.

ஜான் நியூட்டன் என்னும் ஆங்கிலேயரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்; "அமேசிங் கிரேஸ்" பாடலை எழுதியவர். 1748 மார்ச்சில் வட அட்லாண்டிக் கடலில் அவருடைய கப்பல் புயலில் சிக்கியபோது ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டார். அந்த நாளைத் தம் வாழ்நாள் முழுவதும் மறக்காமல் நினைவுகூர்ந்தார். மேடைகளில் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது, அடுத்த வரியில் பாடல் வந்துவிடுகிறது. நடந்தது அதுவன்று. 1750-க்கும் 1754-க்கும் இடையில் அவர் அடிமைக் கப்பலின் தலைவராக மூன்று பயணங்கள் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்தினார்; அதே கப்பலின் அடித்தளத்தில் ஆப்பிரிக்க மனிதர்கள் விலங்கிட்டுக் கிடந்தார்கள். 1754-இல் அவர் கடலை விட்டதற்குக் காரணம்கூட மனச்சாட்சி அன்று, திடீரென்று வந்த நோய். 1764-இல் ஓல்னி என்னும் ஊரில் குருவானார், அந்தப் பாடல் 1773 புத்தாண்டு நாள் ஆராதனைக்காக எழுதப்பட்டது, அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் வெளிப்படையாக எழுதியதோ 1788-இல்தான். அப்போது, தாம் ஒரு காலத்தில் இதில் கையாளாக இருந்ததை நினைத்தால் தம் இருதயம் இன்று நடுங்குகிறது என்றும், தம் அறிக்கை காலம் கடந்து வருகிறது என்றும் ஒப்புக்கொண்டார்.

புயலுக்கும் அந்த எழுத்துக்கும் நடுவில் நாற்பது ஆண்டுகள். இருதயம் மெதுவாக மாறும் என்பதற்கு இதைச் சான்றாகச் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த மெதுவுக்கு விலை கொடுத்தவர் நியூட்டன் அல்லர். கப்பலின் அடித்தளத்தில் கிடந்தவர்கள். உங்கள் வீட்டில் அந்த விலையை நீங்களும், உள்ளறைக்குள் போகும் பிள்ளைகளும் கொடுக்கிறீர்கள். "எனக்கு இன்னும் காலம் வேண்டும்" என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டென்றால், அந்தக் காலம் முழுவதும் தட்டு யார் பக்கம் பறக்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆகையால் இரண்டு காரியங்கள் சொல்கிறேன். அவர் அமைதியாக இருக்கும் நேரத்தில், இந்தப் பதிலை அவரிடம் வாசித்துக் காட்ட முடியுமானால் காட்டுங்கள். நான்கு மணி ஜெபத்தில் அவர் உலகத்திற்காக ஜெபிக்கட்டும். இரவு சாப்பாட்டு நேரத்தில் கோபம் ஏறும்போது, எழுந்து ஐந்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வரட்டும். தட்டு உடைந்தால் துண்டுகளை அவரே பொறுக்கி, பிள்ளைகளிடம் அவரே மன்னிப்புக் கேட்கட்டும். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்ட தகப்பனை நம் ஊரில் அதிகம் பார்த்ததில்லை.

மற்றொன்று, தட்டு பறக்கிற கை உங்கள் மேலோ பிள்ளைகள் மேலோ விழுந்தால், அதைப் "பரிசுத்தமாகுதல்" கணக்கில் எழுதாதீர்கள். உங்கள் போதகரிடமும், பிறந்த வீட்டிலும் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. உதவி கேட்பதால் உங்கள் விசுவாசம் குறைந்துவிடாது. பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிற போதகர் இருந்தால், வேறொரு போதகரைத் தேடுங்கள்.

கேள்வி: நீங்கள் எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள் என்று ஜெபக்கூட்டத்தில் எல்லாரிடமும் கேட்கிறார்கள். குழந்தையிலிருந்தே ஆலயத்தில் வளர்ந்த எனக்குச் சொல்லத் தேதி இல்லை. நான் பொய்த் தேதி சொல்லலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். பவுலுக்கு, அவரைத் திடீரென்று மாற்றிய தமஸ்குப் பாதை இருந்தது. அவருடைய உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கோ, விசுவாசமுள்ள பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் இருந்தார்கள். தீமோத்தேயுவிடம் பவுல் தேதி கேட்டதாக ஒரு வரியும் இல்லை.

கேள்வி: எங்கள் மகனுக்குப் பெண் பார்க்கிறோம். "மறுபடியும் பிறந்த, ஜெபிக்கிற பெண் தேவை" என்று விளம்பரம் எழுதினேன். என் கணவர் அதோடு எங்கள் சாதிப் பெயரையும் சேர்த்துவிட்டார். "ஆவிக்குரிய காரியம் வேறு, ஊர் வழக்கம் வேறு" என்கிறார். மகனுக்கு இதில் வருத்தம். தாயாக நான் என்ன சொல்வது?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அம்மா, உங்கள் கணவர் சொன்ன வாக்கியத்தை முதலில் நடத்திக் காட்டியவர் இயேசுவின் சீடரான பேதுரு. அந்தியோகியா சபையில் யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து யூதர் சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். உபதேசத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இடம் மாறி உட்கார்ந்தார், அவ்வளவுதான். பவுல் அதை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்ததாகக் கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார்.

நம் சொந்த வரலாறும் இதேதான். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைகள் உடனே, முற்றிலுமாகக் கைவிட வேண்டும் என்று எழுதி அனுப்பியபோது, தஞ்சாவூரில் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். உங்கள் மாவட்டத்திலேயே வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில், மக்களைச் சாதிவாரியாகப் பிரித்து நிறுத்த ஆலயத்துக்கு உள்ளேயே சுவர் இருந்தது. ஒரே பீடம், ஒரே நற்கருணை, நடுவில் சுவர். 1910-இல் அது இடிக்கப்பட்டபோது, அதைத் திரும்பப் பெற நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். சுவருக்கு இரு பக்கமும் நின்று ஜெபித்தவர்கள் உண்மையாகவே ஜெபித்தார்கள் என்பதை நான் சந்தேகிக்கவில்லை, அதுதான் என்னைக் கலங்கச் செய்கிறது. இருதயத்தின் எல்லா அறைகளையும் ஆண்டவருக்குத் திறந்துவிட்டு, பெண் பார்க்கும் அறையை மட்டும் பூட்டி வைத்துக்கொள்ள நமக்கு முடிகிறது.

என் சொந்தக் கதையையும் மறைக்கக் கூடாது. என் மகளுக்கு வரன் பார்த்தபோது, நானும் அந்தச் சொல்லை விளம்பரத்தில் எழுதவில்லை; ஆனால் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கும்போது அந்தச் சொல் என் விரல்களில் இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் என் மனைவி. ஆகவே சொல்லை அடித்துவிட்டால் மட்டும் போதாது என்று அனுபவத்தில் சொல்கிறேன். ஆனாலும் முதலில் அதை அடியுங்கள்.

கணவரோடு வாதாடும் முன், மகனை அவருக்கு எதிரில் உட்கார வைத்து, அவனுடைய வருத்தத்தை அவனே சொல்லும்படி விடுங்கள். நீங்கள் நடுவில் பேசாதிருங்கள். வரப்போகும் மருமகள் வேறு சாதிப் பெண்ணாக இருந்தால் உறவினர் வீட்டு விசேஷங்களில் அவளுக்கு என்ன நேரும் என்று உங்கள் கணவர் கேட்பார். அது நியாயமான பயம், அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். அப்படிப்பட்ட பந்தியில் அவளுக்கு அருகில் முதலில் யார் உட்காருவார்கள் என்பதை மூவருமாகப் பேசி முடிவுசெய்துவிட்டு, அதன் பிறகு விளம்பரத்தை அனுப்புங்கள்.